இரண்டு வார மௌனம்

"பாபா, அந்தப் பெட்டிக்குள்ள எத்தன கழுத இருக்கு?"

அப்பாவிடம் ஹாலா இதைக் கேட்டபோது அவளுக்கு நான்கு வயது. சுபுஹுத் தொழுகை முடிந்த கையோடு ரிதா கம்மூன் கணினி முன் உட்கார்ந்துவிடுவான். வேலைக்குக் கிளம்பும்வரை அதுதான் அவனுடைய சொந்த நேரம். திரையைப் பார்த்து "கழுதை" என்பான். கொஞ்சம் தட்டுவான். "இதோ இன்னொரு கழுதை" என்பான். "இவன் கழுதைகளுக்கெல்லாம் இமாம்" என்பான். தூக்கம் கலைந்து எழுந்து வந்த குழந்தை கதவோரம் நின்று, வெகுநேரம் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, முடியாமல்போய்த்தான் கேட்டிருந்தாள். ரிதா சிரித்துவிட்டான். அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த அவன் மனைவி ஸௌஸன் சிரிக்கவில்லை.

"புள்ள கேக்குதுல்ல, பதில் சொல்லுங்க."

"எண்ணி முடியாது கண்ணு. உள்ள போகப் போக வந்துகிட்டே இருக்கும்."

இப்போது ஹாலாவுக்குப் பதினேழு முடியப்போகிறது. கழுதைகள் குறைந்தபாடில்லை.

அவர்கள் வாழும் ஸ்ஃபாக்ஸ் என்ற அரபுத் துறைமுக நகரத்தின் பழைய வீடுகளில் தெருக்கதவுக்கும் முற்றத்துக்கும் நடுவே ஒரு வளைந்த நுழைகூடம் இருக்கும். வந்தவரை உட்காரவைப்பதும் அங்கேதான். அதற்கு மேல் உள்ளே வராமல் நிறுத்திவைப்பதும் அங்கேதான். அதற்கு ஸ்கீஃபா என்று பெயர். பல்கலைக்கழக நாட்களில் ரிதாவும் நண்பர்களும் லினக்ஸ் இயங்குதளத்துக்காக ஒரு டெஸ்க்டாப் எழுதத் தொடங்கியபோது இந்தப் பெயரையே வைத்தார்கள். கணினியைத் திறந்ததும் கண்ணில் படுகிற மெனு, ஜன்னல்கள், கடிகாரம், செட்டிங்ஸ், கீழே ஓடும் பட்டை எல்லாம் சேர்ந்ததுதான் அது. வலமிருந்து இடமாக எழுதுகிறவனுக்கு மெனு வலப்பக்கம் இருக்கவேண்டும் என்ற எளிய நியாயத்தில் பிறந்தது. விலை கிடையாது. அதன் கோட் ஊர்க் கிணறுபோலத் திறந்து கிடக்கும். யாரும் இறைத்துக்கொள்ளலாம், யாரும் தூர் வாரலாம். இறைத்தவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். தூர் வாரியவர்களை ரிதா ஒரு கைவிரல்களில் எண்ணிவிடுவான். அதில் கட்டைவிரல் அவனேதான்.

பகலில் ஓர் ஆலிவ் எண்ணெய் ஏற்றுமதி நிறுவனத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது அவனுக்குப் பிழைப்பு. ஸ்கீஃபாவில் பிழைப்பு இல்லை. அங்கே அவனுக்குக் கிடைத்ததெல்லாம் ஒரு பதவி. பராமரிப்பாளன். அவனை அங்கே எல்லோரும் நஜ்ஜார் என்ற புனைபெயரால்தான் அறிவார்கள். நஜ்ஜார் என்றால் தச்சன். நாள்தோறும் வந்து விழும் பிழைப் புகார்களைப் படித்து, பெரும்பாலானவற்றை மூடுவது தச்சனின் காலைக் கடன்.

புகார் எழுதுகிறவர்களை அவன் இனம் பிரித்து வைத்திருந்தான். திட்டித் தொடங்குகிறவர்களை அவனுக்கு ஓரளவு பிடிக்கும். அவர்கள் புகாரை மூடுவது சுலபம். நன்றி சொல்லித் தொடங்குகிறவர்கள்தான் மோசம். நன்றி நீண்டுகொண்டே போய், கடைசியில் ஓர் "ஆனால்" வரும். அந்த ஆனாலுக்குப் பின்னே ஒரு வருட வேலை பதுங்கியிருக்கும். கடிகாரத்தில் நொடிமுள் இல்லாவிட்டால் தன் வாழ்வே வீண் என்று ஒருவன் வருடக்கணக்காக எழுதிவந்தான். ஜன்னல்களின் மூலைகள் உருண்டையாக இருக்கவேண்டும் என்று ஒரு கோஷ்டி, கூராகத்தான் இருக்கவேண்டும் என்று இன்னொரு கோஷ்டி. இரண்டும் அவனைச் சர்வாதிகாரி என்றன. வடக்கே எங்கோ ஒரு நிறுவனம் ஸ்கீஃபாவை எடுத்து, நிறம் மாற்றி, தன் பெயரை ஒட்டி, காசுக்கு விற்றது. அதன் பொறியாளர் "மிக அவசரம்" என்று தலைப்பிட்டு, தன் வாடிக்கையாளர் காத்திருப்பதாக ரிதாவுக்கு எழுதினார். மாநாடுகளில் மேடையேறி, சமூகம், சமூகம் என்று கண் கலங்குகிறவர்கள் தனி வகை. அவர்கள் கோட் எழுதி எவரும் பார்த்ததில்லை. எல்லாவற்றுக்கும் கீழே, அவன் சொந்த நாட்டு மக்கள். எதைக் கேட்டாலும் "உங்க பெத்தவங்களுக்கு அல்லாஹ் ரஹ்மத் செய்யட்டும்" என்று பெற்றோருக்கு அருள் வேண்டித் தொடங்குவார்கள். பெற்றோருக்கு இத்தனை துஆ வந்து குவிந்தும் மகனுக்கு ஒரு வரி கோட் வரவில்லையே என்பது ரிதாவின் கணக்கு.

கசப்புக் காப்பி பழகியவனுக்குச் சர்க்கரை போட்டது குமட்டும். ஏளனமும் அப்படித்தான். முதலில் அது களைப்பைப் போக்குகிறது. பிறகு, அது இல்லாமல் பொழுது விடிவதில்லை. ரிதா கெட்டவன் அல்ல. பக்கத்து வீட்டுக்காரன் மருத்துவமனையில் கிடந்தபோது மூன்று இரவு கூட இருந்தவன். முகம் தெரிந்தவர்களிடம் அவனுக்கு இரக்கம் இருந்தது. திரைக்குள் யாருக்கும் முகம் இல்லை.

தொடக்க கால நண்பர்களில் புர்ஹான் ஒருவன்தான் எஞ்சியிருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் துறைமுகத்துப் பக்கம் ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்து ஸ்கீஃபாவின் அடுத்த வெர்ஷனைப் பற்றிப் பேசுவார்கள். திரையில் படம் வரையும் அடித்தளமே மாறிக்கொண்டிருந்த சமயம். பழையதைச் சுமந்துகொண்டு புதியதற்குப் போகமுடியாது. எதையெல்லாம் கழிக்கலாம் என்று ரிதா செல்போனில் ஒவ்வொன்றாகப் பார்த்துவந்தான்.

"நிதான விசைன்னு ஒண்ணு கெடக்கே, அது என்னடா?"

"நம்மகூடப் படிச்ச அனீஸ் எழுதுனதுடா. அவங்கப்பாவுக்குக் கை நடுங்கும்ல, அதுக்காக. ஒரே விசைய மறுபடி மறுபடி தட்டினா ஒரு தடவதான் எடுத்துக்கும்."

"அனீஸ் எங்க?"

"கனடா. அவங்கப்பா மவுத்தாயி வருஷமாச்சு."

"அப்ப யாருக்கு இது?"

"யாருக்குத் தெரியும்? குழுவுல போடு. முறைப்படி செய்."

முறை என்று ஒன்று அவர்களுக்கு இருந்தது. எதையாவது நீக்கவேண்டுமென்றால் மின்னஞ்சல் குழுவில் அறிவிப்பார்கள். இரண்டு வாரம் காத்திருப்பார்கள். ஆட்சேபம் வராவிட்டால் அதை யாரும் பயன்படுத்தவில்லை என்று பொருள். நீக்கிவிடலாம்.

"கல்யாணப் பொண்ணு மாதிரிதான்," என்றான் புர்ஹான், காப்பிக் கோப்பையின் அடியில் தங்கிய சர்க்கரையைக் கரண்டியால் வழித்தபடி. "வாயத் தொறக்கலன்னா சம்மதம்."

"இந்தப் பொண்ணுங்க வாயத் தொறந்தா மூடாதே!"

இருவரும் சிரித்தார்கள். அறிவிப்பு போயிற்று. இரண்டு வாரமும் குழுவில் மூலைகள் உருண்டையா கூரா என்ற சண்டைதான் நடந்தது. நிதான விசையைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. அந்தக் குழுவில் இருந்தவர்கள் கோட் எழுதுகிறவர்கள், எழுதுவதாகச் சொல்லிக்கொள்கிறவர்கள். தட்டும்போது கை நடுங்குகிற ஒருவர், எழுதுவதே பாடாக இருக்கும்போது, இப்படியொரு குழு இருப்பதை எங்கே தேடிக் கண்டுபிடிப்பார், சேர்ந்தாலும் தினம் வந்து கொட்டும் ஐம்பது கடிதங்களில் இந்த ஒன்றை எப்படிப் பார்ப்பார் என்று ரிதாவுக்குத் தோன்றவில்லை. புர்ஹானுக்கும் தோன்றவில்லை. படித்தவர்கள் கூடி விதி வகுக்கும்போது கூட்டத்துக்கு வரமுடியாதவர்களைச் சம்மதித்தவர்களில் சேர்த்துவிடுகிறார்கள்.

ரிதா செட்டிங்ஸ் பக்கத்திலிருந்து அந்தப் பொத்தானை நீக்கினான். அடியில் இருந்த இயந்திரத்தை முழுக்கப் பிடுங்கப் பொறுமையில்லை. இணைப்பை மட்டும் துண்டித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனான். புதிய வெர்ஷன் வெளியானது.

புகார் சில வாரம் கழித்து வந்தது. தலைப்பே கோணலாக இருந்தது. "விசைசைசை பிரச்ச்சினை." உள்ளே:

"அஸ்ஸலாமு அலைக்கும்ம்ம். உங்ங்கள் பெற்றோருக்கு அல்லாஹ் ரஹ்மத் செய்ய்யட்டும். புது அப்டேட் வந்தததிலிருந்து ஒவ்வொரு எழுத்தும் பல தடடவை விழுகிறது. எனக்குக் கை நடுங்ங்கும். முன்பு நிதான விசை இருந்தது, இப்போது காணணோம். அழிக்கும் விசையும் கேட்டதற்கு மேல் அழிக்கிறது, அதனால் பிழைகளோடேயே அனுப்புகிறேன், மன்ன்னிக்கவும். நான் ஒரு சிற்றூர் நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவு எழுதுகிறேன். சான்றிதழ்களில் பெயர் தப்ப்பாகப் போகிறது. இந்த மாத முடிவுக்குள் சரியாகாவிட்டால் என்னைக் கவுண்ண்டரிலிருந்து எடுத்துக் கீழே பழைய கட்டுகளோடு போட்டுவிடுவதாகச் செயலாளர் சொல்ல்லிவிட்டார். பதினெட்டு வருடமாக இந்த ஊர்ப் பிள்ளைகளின் பெயரை முதலில் எழுதுவது நான்தான். ஸொஹ்ரா."

ரிதா அதைப் பாதி படிக்கும்போதே முகம் சுளித்தான். எழுதியதைத் திருத்திக்கூட அனுப்பத் தெரியாத இன்னொன்று. காரணம் அந்தக் கடிதத்திலேயே இருந்தது. அதை அவன் கண் பார்த்தது, மனம் பார்க்கவில்லை. மூடும்போது ஒட்டுவதற்கென்று வைத்திருந்த வாசகத்தை எடுத்து ஒட்டினான்: "இந்த வசதி முறைப்படி அறிவித்து நீக்கப்பட்டது. மீண்டும் சேர்க்கப்படாது. தேவைப்படுகிறவர்கள் தாங்களே அதற்கான கோட் திருத்தத்தை எழுதி பேட்சாக அனுப்பலாம், பரிசீலிப்போம்."

பின்னாலிருந்து ஸௌஸன் காப்பியை வைத்தாள். கடிதத்தைப் படித்துவிட்டிருந்தாள்.

"பாவம், அந்தம்மாவுக்கு வேற வழியே இல்லியா?"

"இருக்கு. டெர்மினல்னு கட்டள அடிக்கிற ஜன்னல் இருக்கு, அதுல ஒரு வரி அடிச்சா மறுபடி வேல செய்யும். உள்ள இன்னும் சாவல அது."

"அந்த வரியச் சொல்லிட வேண்டியதுதானே."

"சொன்னா? நாளைக்கு அது ஒடையும். 'நீங்கதானே சொன்னீங்க'ன்னு வருவா. அவளப் பாத்து இன்னும் பத்துப் பேர் வருவான். பொறுப்பேக்காதத சொல்லிக் குடுக்கக் கூடாது ஸௌஸன். அது எங்க தொழில்ல மொதப் பாடம்."

ஸௌஸன் காப்பியை அவன் கைப்பக்கம் நகர்த்தினாள். "தாகத்துக்குத் தண்ணி கேட்டவள கெணறு வெட்டிக்கிட்டு வாங்கிறீங்க. நல்ல தொழில்தான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்தப் பெண் மறுநாள் பதில் எழுதினார். பதில் தந்ததற்கு நன்றி; தனக்குக் கோட் எழுதத் தெரியாது; எங்கே கற்றுக்கொள்வது என்று சொன்னால் முயன்று பார்ப்பதாக. பாதி எழுத்துகள் இரட்டையும் மும்மடங்குமாக இருந்தன. ரிதா வாய்விட்டுச் சிரித்தான். புர்ஹானுக்குப் படம் எடுத்து அனுப்பினான். "பேட்ச் அனுப்பப் போறாளாம்டா!" பிறகு அந்தப் புகாரைப் பூட்டினான். பூட்டிய புகாரில் யாரும் மேலே எழுதமுடியாது.

அந்த மாதக் கடைசியில்தான் ஹாலாவின் விண்ணப்பம் சிக்கிக்கொண்டது. வெளிநாட்டில் படிக்க அவளுக்கு உதவித்தொகை கிடைக்கும்போல இருந்தது. கேட்ட காகிதங்களில் தகப்பனின் பிறப்புச் சான்றும் ஒன்று. ரிதாவின் அடையாள அட்டையில் பிறந்த நாள் நான்கு, மாதம் ஒன்பது. கணினியில் எடுத்த சான்றில் நாள் ஒன்பது, மாதம் நான்கு. இதைத் திருத்தும் அதிகாரம் பிறப்பைப் பதிந்த நகராட்சிக்கு மட்டும்தான். தலைப்பிரசவத்துக்குப் பிறந்தகம் போயிருந்த அவன் அம்மா அவனைப் பெற்றது வடக்கே ஆலிவ் தோப்புகளுக்கு நடுவே உள்ள ஹென்ஷீர் ஸித்ரா என்ற சிற்றூரில். விண்ணப்பத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். புதன்கிழமை காலை, ஆள் நிரம்பினால் கிளம்பும் பகிர்வு வண்டியில் ஏறி ரிதா போய்ச் சேர்ந்தான்.

நகராட்சியில் கவுண்டர் இரண்டு. ஒன்றில் மஹ்தி என்று பெயர்ப்பலகை வைத்த ஒரு தடித்த மனிதர் செல்போனில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தார். மற்றதில்தான் வரிசை. வரிசை நகரவில்லை. நாட்டைப் பற்றியும் நாட்டின் அலுவலகங்களைப் பற்றியும் ரிதாவுக்கு இருந்த எண்ணமெல்லாம் அங்கே ருசுவாகிக்கொண்டிருந்தது. முன்னே நின்றவரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். மெனு வலப்பக்கம் இருந்தது. ஸ்கீஃபா. எங்கே பார்த்தாலும் அவனுக்குள் ஒரு சின்னப் பெருமை எட்டிப்பார்க்கும்; அது இங்கேயும் வந்தது. இவ்வளவு நல்ல ஒன்றை இப்படிப்பட்டவர்கள் கையில் கொடுத்திருக்கிறோமே என்ற சலிப்பும் பின்னாலேயே வந்தது.

கவுண்டரில் இருந்த பெண்மணிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். தலையில் வெளிர்நீல முக்காடு. இடதுகையால் வலது மணிக்கட்டைப் பிடித்து மேசை விளிம்போடு அழுத்திக்கொண்டு, பென்சிலைத் தலைகீழாகப் பிடித்து, அதன் ரப்பர் முனையால் விசைகளை ஒவ்வொன்றாகக் குத்தினார். குத்திய பென்சில் விசையின் மேலேயே படபடத்தது. திரையில் எழுத்துகள் வரிசையாகக் கொட்டின. அவற்றை அழிக்கப் போனார். பக்கத்துச் சொல்லும் சேர்ந்து போயிற்று. மறுபடி தொடங்கினார்.

"லல்லா ஸொஹ்ரா," என்றார் மஹ்தி, அம்மா என்பதுபோன்ற அந்த மரியாதைச் சொல்லைக் கிண்டலாக இழுத்து, செல்போனிலிருந்து கண்ணெடுக்காமலே, "அந்த அலீக்கு இன்னிக்கு எத்தன 'லீ' போட்டீங்க? அவன் கல்யாணம் முடிக்கறதுக்குள்ள பேரு முடிஞ்சிருமா?"

வரிசையில் சிலர் சிரித்தார்கள்.

"உன் பேர்ல ஒண்ணு கொறச்சுப் போட்டுட்டேன் மஹ்தி. அதான் நீ இவ்வளவு லேசா உக்காந்திருக்க."

இப்போது சிரிப்பு அந்தப் பக்கம் திரும்பியது. ரிதா சிரிக்கவில்லை. ஸொஹ்ரா என்ற பெயர் அவனை வரிசையில் நட்டுவைத்தது. ஊரில் எத்தனையோ ஸொஹ்ராக்கள் என்று சொல்லிக்கொண்டான். பென்சில் படபடத்துக்கொண்டே இருந்தது. விலகிப் போய்விடலாம் என்று நினைத்தான். வெள்ளிக்கிழமை நினைவு வந்தது.

அவன் முறை வந்தபோது உச்சிப்பொழுது நெருங்கிவிட்டது. காகிதங்களை நீட்டி, விஷயத்தைச் சொன்னான்.

"இது கோர்ட்டுக்குப் போகணும்," என்றார் மஹ்தி பக்கத்திலிருந்து. "ரெண்டு மாசமாகும்."

"வெள்ளிக்கிழம கடைசி நாள். எம் பொண்ணோட படிப்பு."

"எல்லாருக்கும் ஒரு வெள்ளிக்கிழம இருக்கு அண்ணே." மஹ்தி சட்டையை உதறி எழுந்து சாப்பாட்டுக்குக் கிளம்பினார்.

ஸொஹ்ரா அடையாள அட்டையைத் தள்ளிப் பிடித்துப் படித்தார். "ரிதா தம்பி, கொஞ்சம் உக்காருங்க. மூலப் பதிவுல சரியா இருந்து, கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது தப்பா விழுந்திருந்தா, கோர்ட்டு வேணாம். கீழ போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

"சாப்பாட்டு நேரமாச்சே."

"ஆமா, மஹ்திக்கு." படியிறங்கிப் போனார்.

திரும்பி வந்தபோது முக்காட்டில் தூசு இருந்தது. கனத்த பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். அப்படி அணைத்தால் கை ஆடாதுபோல. "நாலு, ஒம்போது. உங்க தாத்தா கையெழுத்து போட்டிருக்கார். தப்பு எங்களோடதுதான், மன்னிச்சுக்குங்க," என்றார். பிறகு உட்கார்ந்து, மணிக்கட்டைப் பிடித்து, பென்சிலை எடுத்தார். கூடத்தில் வேறு யாரும் இல்லை.

அவனுடைய பெயர் திரையில் ஏறுவதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். ரி. ரிரி. ரிரிரி. அழிந்தது. மறுபடி ரி.

"கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சா?" என்று கேட்டான். எதற்குக் கேட்டான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"அது நல்லாத்தான் இருக்கு. கெட்டது என் கை. முன்னாடி இதுல ஒரு வசதி இருந்துச்சு, கை எத்தன ஆட்டம் ஆடினாலும் எழுத்து ஒண்ணுதான் விழும். இப்ப எடுத்துட்டாங்க."

"யாரு?"

"நஜ்ஜார்னு ஒருத்தர். எழுதிக் கேட்டேன். நீங்களே செஞ்சு அனுப்புங்க, பாக்குறோம்னு சொன்னார்." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது; பென்சில் விசையைவிட்டு நழுவியது. "என்னப் பத்தி என்ன நெனச்சிருக்கார் பாருங்க! எம் மவன் எங்கிட்ட டிவி ரிமோட்டக்கூடக் குடுக்கமாட்டான்."

"அவர்... உங்களக் கிண்டல் பண்ணியிருப்பார்."

"மஹ்தியும் அப்படித்தான் சொல்றான். இருக்கட்டுமே. பதில் போட்டாரே! அமைச்சகத்துக்கு எழுதினா அதுகூட வராது." இன்னொரு எழுத்தைக் குத்தினார். "காசு வாங்காம செய்றாராம் தம்பி. தெனம் எத்தன பேர் என்ன மாதிரி போய் நச்சரிப்பாங்க? மனுஷன்தானே, அலுத்துப் போயிருக்கும். நீங்க கம்ப்யூட்டர் வேலையா?"

"இல்ல," என்றான் ரிதா. "எண்ணெய்க் கம்பெனி."

"நல்லது. எண்ணெய் சொன்ன பேச்சு கேக்கும்."

முதல் தாளில் கம்மூன் என்ற பெயரில் ஓர் எழுத்து கூடிவிட்டது. கிழித்தார். இரண்டாவதில் வருடத்தில் இரண்டு சுழி அதிகம். கிழித்தார். பள்ளிவாசலில் நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி ஓய்ந்தது. ரிதா "பரவால்ல, நான் எழுதட்டுமா" என்று சொல்ல வாயெடுத்து, எண்ணெய்க் கம்பெனி என்று சொன்னது நினைவுக்கு வர, வாயை மூடிக்கொண்டான். மஹ்தியைப் போல ஸொஹ்ராவும் பேசாமல் ரெண்டு மாசம் என்று சொல்லி அனுப்பியிருந்தால் இவருக்கு இந்தப் பாடு இல்லை. யாரும் குறை சொல்லவும் மாட்டார்கள். முறை அதுதான்.

"மாசக் கடைசிக்கு அப்புறம் வந்திருந்தா நான் இங்க இருந்திருக்கமாட்டேன்," என்றார் ஸொஹ்ரா, சாதாரணமாக. "நாளைக்கழிச்சு கீழ அனுப்பறாங்க. கீழயும் ஒண்ணும் மோசமில்ல. எல்லாரும் அங்க இருக்காங்க, பேரா. என்ன, புதுசாப் பொறந்ததுங்க வராது. மஹ்தி எழுதுவான்." அடுத்த எழுத்தைக் குத்தினார். "அவன் பேரக் கேக்குறப்ப முகத்தப் பாக்கமாட்டான். பெத்தவனுக்கு அந்த ஒரு நிமிஷம் பாக்கணும்போல இருக்கும் தம்பி."

சான்று சரியாக வந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்து, உதடு அசைய எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தார். முத்திரையை இரண்டு கையாலும் பிடித்துக் குத்தினார். புது மை, தாளில் பளபளவென்று நின்றது.

"ஈரம். இப்ப மடிச்சீங்கன்னா தேதி மேல படிஞ்சிரும், அப்புறம் மறுபடி மொதல்லேருந்து." தாளை மேசையின் ஓரத்தில் விரித்துவைத்தார். "எனக்குத் தொழுக நேரம் போயிட்டிருக்கு. காஞ்சதும் எடுத்துக்கிட்டு, கதவ இழுத்துச் சாத்திட்டுப் போங்க. உங்க பொண்ணு நல்லாப் படிக்கட்டும்."

"லல்லா..."

"சொல்லுங்க."

"அல்லாஹ் உங்க பெத்தவங்களுக்கு ரஹ்மத் செய்யட்டும்," என்றான். எத்தனையோ காலைகளில் எத்தனையோ பேர் எழுதிப் படித்து அலுத்த வாக்கியம்.

"உங்க பெத்தவங்களுக்கும்," என்று சொல்லிவிட்டு அவர் பின்அறைக்குள் போனார். கதவு சாத்தப்பட்டது. தொழுகைக்கு முன் கைகால் கழுவி உளூ செய்யும் குழாய் திறந்தது.

ரிதா தாளைப் பார்த்துக்கொண்டு நின்றான். எங்கெங்கோ, எந்தெந்த அறைகளிலோ, பிழையை அழிக்கமுடியாமல் அப்படியே அனுப்புகிறவர்கள் இருப்பார்கள். அனுப்பாமலே விட்டவர்கள் அதைவிட அதிகம் இருப்பார்கள். அவர்களை எங்கே போய்த் தேடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. கவுண்டரின் குறுக்குப் பலகையைத் தூக்கி உள்ளே போனான். நாற்காலியில் ஒரு பழைய மெத்தை. அதில் உட்கார மனம் வரவில்லை. நின்றபடியே குனிந்தான். பதிவு ஜன்னலைத் தொடாமல் ஓரமாக விட்டு, டெர்மினலைத் திறந்தான்.

அந்த ஒரு வரியை எழுதினான். முதல்முறை பிழையாக விழுந்தது. எழுத்தெழுத்தாகப் பார்த்து மறுபடி எழுதினான்.

பிறகு ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, மேசையிலிருந்த பென்சிலைத் தலைகீழாகப் பிடித்து, ஒரு விசையின் மேல் வைத்து, கையை வேண்டுமென்றே உதறினான். நன்றாக உதறினான். பென்சில் படபடத்தது. திரையில் ஒரே ஓர் எழுத்து நின்றது.

அதை அழித்தான். பக்கத்தை மூடினான். டெர்மினலை மூடினான். பென்சிலை இருந்த இடத்தில், இருந்த சாய்வில் வைத்தான். பலகையை இறக்கிவிட்டு வெளியே வந்து, முத்திரையை விரல்நுனியால் தொட்டுப் பார்த்துத் தாளை எடுத்துக்கொண்டான்.

பின்அறையில் குழாய் எப்போதோ நின்றுவிட்டிருந்தது. ஓர் ஓசையும் இல்லை. தாழ்ப்பாள் சத்தம் எழாதபடி ரிதா கதவை மெல்ல இழுத்துச் சாத்தினான். கதவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஆளில்லாத நாற்காலிக்கு எதிரே, பதிவுப் பக்கம் திறந்தபடி இருந்தது. பெயர் எழுதவேண்டிய கட்டத்தில் கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது.